கேட்டுப் பலகையில் எழுதின நம்பர்

ஏனுங்க, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கலாமுங்களா? வெயிலுங்க. இந்தப் பக்கம் வெயில் இல்லையா? ஆமா, வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்குது. அப்பக் காத்துன்னு வெச்சுக்குங்க, எனக்குக் காத்து ஆகாது. வேண்டாமா? சரி பரவால்லீங்க, திறந்தே இருக்கட்டும். நான் உங்க மூஞ்சியைப் பாத்துப் பேசிட்டே வர்றேன். பேசிட்டிருந்தா வெளிய பாக்கத் தோணாது.

வாராவாரம் செவ்வாக்கெழமை எனக்கு இந்த வண்டிதானுங்க. பொள்ளாச்சியில ஒம்பதே காலுக்கு எடுப்பான். எப்பவும் டிரைவருக்குப் பின்னால, அந்தச் சைடுலதான் உக்காருவேன். கண்டக்டரே துண்டு போட்டு வெச்சிருப்பான். இன்னைக்குக் கோயில் நோம்பியாம், பாருங்க கூட்டத்தை. உங்க பக்கத்துல ஒண்ணுதான் காலி. விதியேன்னு வந்து உக்காந்தேன். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க, உங்களைச் சொல்லலை.

இந்தப் பையா? கனமே இல்லீங்க. மீட்டருங்க. பேனாவாட்டம் இருக்கும். தண்ணியில முக்குனா உப்பு எவ்வளவுன்னு நம்பர் காட்டும். ஊட்டுக்கு ஃபில்டர் மாட்ட வர்றவன் ஒண்ணு முக்கிக் காட்டுவான் பாருங்க, அதேதான். பதினாலு இருக்குது. உடுமலையில இன்னைக்குப் புது வகுப்பு, பதினாலு பேரு. எந்த ஊரு வகுப்புன்னாலும் மொத நாளே ஆளுக்கொண்ணு குடுத்துருவேன்.

என்ற பேரு பாலதண்டபாணிங்க. சின்னத் தொழில் பண்றவிங்களுக்குப் பாடம் எடுக்கறேன். ஒரு தொண்டு நிறுவனம் அனுப்புது. சின்னவன் பெரியவனோட போட்டி போட்டு நிக்கணும்னா ரெண்டு வேணும். ஒண்ணு, கையில இருக்கற போனைத் தொழிலுக்குப் பழக்கணும். இன்னொண்ணு, காலுக்குக் கீழ இருக்கற மண்ணையும் தண்ணியையும் கெடுக்காம இருக்கணும். வெளிநாட்டுக்காரன் இப்பெல்லாம் சரக்கை மட்டும் பாக்கறதில்லை, சரக்கு செய்யற எடத்தையும் பாக்கறான். இதைச் சொல்றப்ப வலது கையைத் தூக்குவேன். பாருங்க, இப்பவும் தூக்கிட்டேன். பழக்கமாயிருச்சு.

போன வருசம் செல்லிபுதூர்ல எடுத்தேன். வழியிலதான் வருது, இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது. அங்க பதினோரு யூனிட்டு, எல்லாமே நார்த்தூள். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. தேங்கா மட்டையை அடிச்சு நாரெடுத்தா தூள் மிஞ்சும். அந்தத் தூளைக் கழுவிக் காய வெச்சுக் கட்டியா அழுத்தி அனுப்புனா, வெளிநாட்டுல மண்ணுக்குப் பதிலா அதுலதான் செடி வெக்கறாங்க. ஆனா தூளுல உப்பு இருக்கும். ரெண்டு மூணு தடவை கழுவுனாத்தான் போகும். கழுவுன தண்ணி டீத்தண்ணியாட்டம் இருக்கும், நல்ல உப்பு. அதை அப்படியே தோட்டங்காட்டுல விட்டா நிலத்துக்குள்ள எறங்கிக் கிணத்துக்கு வந்துரும். இவ்வளவுதானுங்க விசயம், இதுக்குமேல ஒண்ணுமில்லை.

அதுக்கு நான் சொன்ன வழி சுலபம். குழி வெட்டுங்க, அடியில கெட்டித் தார்ப்பாய் விரிங்க, கழுவுன தண்ணியை அதுல தேக்கி மறுபடி கழுவ எடுங்க. ஒரு சொட்டுக்கூட மண்ணுல எறங்காது. நல்ல வழிதானுங்க. நான் சொன்ன எதுவும் தப்பில்லை. அதை நீங்க மனசுல வெச்சுக்கணும். பாடம் சரிதான்.

அந்தப் பதினோரு பேருல ஒரே ஒரு பொம்பளை. துளசிமணின்னு பேரு. எட்டாவது வரைக்கும் படிச்சவிங்க. ஊட்டுக்காரர் லாரி ஓட்டறாரு, மாசத்துல நாலு நாள் ஊர்ல இருந்தா அதிகம். ஆறு பொம்பளைங்களை வேலைக்கு வெச்சுத் தனியா யூனிட்டு நடத்துனாங்க. மொத வரிசையில வந்து உக்காருவாங்க. மக பழைய நோட்டுல பின்பக்கம் மிச்சமிருந்த தாளுல எழுதிக்குவாங்க. நான் இருமுனாக்கூட எழுதிக்குவாங்கன்னு மத்தவிங்க கிண்டல் பண்ணுவாங்க. நானும் சேந்து சிரிப்பேன்.

"கிணத்து நம்பர் எவ்வளவு இருந்தா நல்லதுங்க சார்?"

"ஐநூறுக்குள்ள இருக்கணும்மா."

மக்காநாள் காலையில ஆறே முக்காலுக்கு என்ற போனுக்கு ஒரு போட்டோ. வாளித் தண்ணியில மீட்டர், ஆயிரத்து முந்நூத்திப் பத்துன்னு நம்பர். அன்னைல இருந்து தினமும் வந்துச்சு. ஞாயித்துக்கெழமை கிடையாது, தீபாவளி கிடையாது. இல்ல இல்ல, வகுப்பு ஜனவரியில ஆரம்பிச்சது, அப்ப தீபாவளி எங்க வந்துச்சு? பொங்கலுன்னு வெச்சுக்குங்க. பொங்கலன்னைக்குக்கூட வந்துச்சு. நான் ஊட்டுல பெருமை பேசிட்டே திரிவேன். என்ற சம்சாரம் அவிங்களை "உங்க கெட்டிக்காரி"ன்னே சொல்லுவா.

குழியும் அவிங்கதான் மொதல்ல வெட்டுனாங்க. தார்ப்பாய் ரெண்டு மடிப்பா விரிச்சு, ஓரத்துல கல்லு வெச்சு, நான் சொன்னதைவிட ஒரு முழம் அதிகமா. போயி நின்னு பாத்தேன். அந்தக் குழியைப் பாத்தப்ப எனக்கு உண்மையாவே கண்ணு கலங்கிருச்சுங்க. இருபது வருசமாப் பாடம் எடுக்கறேன், சொன்னதை அப்படியே செஞ்ச ஆளை அன்னைக்குத்தான் பாத்தேன்.

பலகை மாட்டறது என்னோட யோசனை. ஆளுக்கொரு கருப்புப் பலகை கேட்டுல மாட்டுங்க, கிணத்துத் தண்ணி நம்பரைத் தினம் எழுதிப் போடுங்கன்னேன். ஒளிக்கறவன்கிட்ட யாரும் வாங்க மாட்டான், திறந்து வெக்கறவன்கிட்டத்தான் வாங்குவான்னு கையைத் தூக்கிச் சொன்னேன். பதினோரு கேட்டுலயும் பலகை தொங்குச்சு. ரெண்டு மூணு மாசம் எல்லாரும் உள்ளதை எழுதுனாங்க. ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து நானூறு, அப்புறம் ஆயிரத்து அறுநூறு. நம்பர் ஏறிட்டே போச்சு. ஏறத்தானே செய்யும்? குழி வெட்டுனது எல்லாரும், தார்ப்பாய் விரிச்சது அந்தம்மா ஒருத்திதான். மத்த பத்துக் குழியும் வெறும் மண்ணு. அந்தத் தண்ணி பூரா அடியில எறங்கி எல்லார் கிணத்துக்கும்தான் போகும். அந்தம்மா கிணத்துக்கும்தான்.

எனக்குத் தெரியுமான்னு கேக்கறீங்களா? தெரியுமுங்க.

ஜூன் மாசம் சர்ட்டிபிகேட் குடுக்கறவிங்க பாக்க வர்றதா இருந்துச்சு. அது கெடைச்சா நேரா வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பலாம், நடுவுல ஏஜெண்டு கையை எதிர்பாக்க வேண்டாம். பத்துப் பேருக்குத் தலைவராட்டம் சென்னியப்பன்னு ஒருத்தரு. பெரிய யூனிட்டு அவருது, நல்ல மனுசன், கல்யாணம் காச்சின்னா மொத ஆளா வந்து நிப்பாரு. அவரு வந்து என்னை ஓரமாக் கூட்டிட்டுப் போனாரு.

"சார், இந்த நம்பரைப் பாத்தா எவன் சர்ட்டிபிகேட் குடுப்பான்? ஆறு மாசம் எங்க பொழப்பைக் கெடுத்துட்டு உக்கார வெச்சுப் பாடம் சொன்னீங்க. கடைசியில ஒருத்தனும் பாஸாகலைன்னா உங்க நிறுவனத்துல உங்களை என்ன சொல்லுவாங்க?"

அதைத்தான் நானும் ராத்திரி பகல்னு யோசிச்சிட்டிருந்தேன். அடுத்த வருச வகுப்பு எனக்கா வேற ஆளுக்கான்னு அதுலதான் இருந்துச்சு. நான் என்ன சொன்னேன்னா, நல்லாக் கேளுங்க, வார்த்தை முக்கியம். "தண்ணியை அளக்கணும்னுதான் நான் சொன்னேன். எங்க இருந்து எடுக்கணும்னு சொல்லலையே. தொட்டித் தண்ணியும் தண்ணிதானே"ன்னேன். அவ்வளவுதான். அங்க எல்லா யூனிட்டுலயும் குடிக்கறதுக்கு லாரித் தண்ணி வாங்கித் தொட்டியில விட்டிருப்பாங்க. வாய்க்கா தண்ணி, சர்க்கரையாட்டம் இருக்கும். மக்காநாள் பத்துப் பலகையிலயும் முந்நூத்தி எண்பது, நானூத்திப் பத்து, முந்நூத்தித் தொண்ணூத்தி அஞ்சு.

தப்பா அளங்கன்னு நான் சொல்லலை பாருங்க.

அந்தம்மாவுக்கும் போய்ச் சொன்னேன். பாரபட்சம் காட்டுனேன்னு பேரு வந்துரக் கூடாதில்ல. களத்துல தூள் கிளறிட்டிருந்தாங்க. "ஏம்மா, தொட்டித் தண்ணியை அளந்து எழுதுனா நம்பர் நல்லா வருமே"ன்னேன். அவிங்க நிமுந்து என்னைப் பாத்தாங்க. அப்புறம் சிரிச்சாங்க. வாய் விட்டுச் சிரிச்சாங்க.

"சார், எனக்குப் பரீட்சை வெக்கறீங்களாக்கும்? நான் ஏமாற மாட்டேனுங்க. கிணத்துத் தண்ணியைத்தான் அளக்கணும். மொத நாளே நோட்டுல எழுதி வெச்சிருக்கறேன்."

வேலை செய்யற பொம்பளைங்களைக் கூப்பிட்டு, "சாரு பரீட்சை வெச்சாருடி, நான் பாஸ்"னு சொன்னாங்க. நான் என்ன செய்யட்டும்? "கெட்டிக்காரிம்மா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். 

ஓ, டிக்கெட்டா? உடுமலை ஒண்ணு குடுப்பா. சில்லறை இல்லை, அப்புறமாத் தா.

எங்க விட்டேன்? தார்ப்பாய். அதையும் சொல்லிடறேன். பாக்க வர்றவிங்களுக்கு முன்கூட்டியே போட்டோ அனுப்பணும், குழியில தார்ப்பாய் இருக்கறாப்புல. பத்துக் குழி வெறுமையாக் கெடக்குது. சென்னியப்பன் ஒரே ஒரு பெரிய தார்ப்பாய் வாங்குனாரு, நீலக் கலர். அதை ஒரு யூனிட்டுல விரிச்சுப் போட்டோ எடுத்து, மடிச்சு, டெம்போவுல போட்டு அடுத்த யூனிட்டு. அங்க விரிச்சு, எடுத்து, மடிச்சு, அடுத்தது. ஒரே நாளுல பத்துக் குழியும் முடிஞ்சுது. பெரிய தார்ப்பாயுங்க, ரெண்டு பேரா மடிக்க முடியாது. ஒரு முனையை நான் பிடிச்சேன்.

ஆமாங்க, நானே. நாலாவது யூனிட்டுல இருந்து பிடிச்சேன்.

நேருல வந்தவிங்க சென்னியப்பன் யூனிட்டை மட்டும்தான் எறங்கிப் பாத்தாங்க. அன்னைக்குத் தார்ப்பாய் அங்க இருந்துச்சு. பத்துப் பேருக்குச் சர்ட்டிபிகேட் வந்துருச்சு. துளசிமணியம்மாவுக்கு மட்டும், குழி ரொம்ப நல்லா இருக்குது, ஆனா கிணத்து நம்பர் ஆயிரத்து எண்ணூறைத் தாண்டிருச்சு, கொறையட்டும் பாக்கலாம்னு எழுதிட்டாங்க. அவிங்க கோவிச்சுக்கவே இல்லை. "எங்கேயோ கசியுது போலிருக்குதுங்க சார், நான் மறுபடியும் பாக்கறேன்"னு சொல்லி, குழியில எறங்கித் தார்ப்பாயை அங்குலம் அங்குலமாத் தடவிப் பாத்தாங்க. மூணு நாள் பாத்தாங்க. ஒரு ஓட்டையும் இல்லை. இருந்தாத்தானே?

அந்த விழாவுல எனக்குச் சால்வை போட்டுக் கேடயம் குடுத்தாங்க. "சின்னத் தொழிலைத் தூக்கி நிறுத்தியவர்"னு அதுல எழுதியிருக்குது. ஊட்டு ஹால்ல டிவிக்கு மேல வெச்சிருக்கறா என்ற சம்சாரம். பத்துப் பேரோட எடுத்த போட்டோவையும் மாட்டுனா. மாட்டிட்டு, "உங்க கெட்டிக்காரியை இதுல காணமே?"ன்னு கேட்டா. ஒடம்பு சரியில்லைன்னு சொன்னேன். யாருக்குன்னு அவ கேக்கலை.

ஜூலையில ஊர்க்காரங்க கெளம்பிட்டாங்க. மாடு கிணத்துத் தண்ணி குடிக்க மாட்டேங்குது, தென்னை ஓலை கருகுதுன்னு மனு எழுதிட்டாங்க. யாரு மேல எழுதுவாங்க? பத்துப் பலகையில நானூறுன்னு இருக்குது. ஒரு பலகையில ஆயிரத்து எண்ணூத்தி அறுவதுன்னு பெருசா, தெளிவா, முத்து முத்தான எழுத்துல இருக்குது. அதைப் போட்டோ எடுத்து மனுவோட வெச்சுட்டாங்க. உள்ளதை எழுதுனது ஒருத்திதான், அதனால மாட்டுனதும் ஒருத்திதான்.

விசாரிக்க ஒரு ஆபீசர் வந்தாரு. ஸ்கூல் வராண்டாவுல நாற்காலி போட்டு உக்காந்தாரு. ஊரே கூடியிருச்சு. என்னையும் கூப்பிட்டிருந்தாங்க. தங்கமான மனுசனுங்க அந்த ஆபீசரு, அவரைக் குத்தம் சொல்ல முடியாது. அளக்கறதுக்கு அவரு எதுவும் கொண்டு வரலை, நேரா என்கிட்டத்தான் கேட்டாரு.

"நீங்கதான் இவங்களுக்கு அளக்கக் கத்துக் குடுத்தது. பத்துப் பேரு நானூறுங்கறாங்க, இந்தம்மா ஆயிரத்து எண்ணூறுங்கறாங்க. பக்கத்துப் பக்கத்துக் கிணறு. எது சரி?"

அவ்வளவுதான் கேள்வி. சின்னக் கேள்வி. அந்தப் பக்கம் சென்னியப்பன் கையைக் கட்டிட்டு நிக்கறாரு, என்னைப் பாக்கவே இல்லை, செவுத்தைப் பாக்கறாரு. இந்தப் பக்கம் அந்தம்மா, நோட்டை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிட்டு. பரீட்சை ரிசல்ட்டுக்கு நிக்கற பிள்ளையாட்டம். சாரு சொல்லிருவாருங்கற நம்பிக்கை மூஞ்சியிலயே தெரியுது.  பத்துக் கிணறும் கெட்டுப்போச்சுன்னு சொன்னா அடுத்து என்ன கேப்பாரு? தொட்டித் தண்ணியை அளக்கச் சொன்னது யாருன்னு கேப்பாரு. தார்ப்பாயை மடிச்சது யாருன்னு கேப்பாரு.

"மத்தவிங்க சரியாத்தான் அளக்கறாங்க சார். அந்தம்மா யூனிட்டுலதான் கொஞ்சம்..."னு இழுத்தேன்.

கொஞ்சம்னுதான் சொன்னேன். முழுசாச் சொல்லலை. கொஞ்சம்னா என்ன வேணா இருக்கலாம் இல்லீங்களா? அவரா ஒரு அர்த்தம் எடுத்துட்டாரு. நீங்களே சொல்லுங்க, அது பொய்யாகுமா?

சரி விடுங்க.  உங்க மூஞ்சியே சொல்லுது.

அவிங்க அழுது கத்தியிருந்தா நான் தாங்கியிருப்பேன். என்னை நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கறாப்புலக் கேட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அவிங்க நம்பிட்டாங்க. நான் சொன்னதை அப்படியே நம்பிட்டாங்க. "சாரு சொன்னா சரியாத்தான் இருக்குமுங்க, எங்க யூனிட்டுலதான் எங்கேயோ தப்பு"ன்னு அந்த ஆபீசர்கிட்டச் சொல்லிட்டாங்க. அவரு மூடச் சொல்றதுக்கு முந்தி அவிங்களே மூடறேன்னுட்டாங்க. ஐநூறுக்குள்ள வந்தா மறுபடி திறந்துக்குங்கன்னு அவரு எழுதிக் குடுத்தாரு. அன்னைக்குச் சாயங்காலம் வீடு வீடாப் போயி, எங்களால உங்க தண்ணி கெட்டுப்போச்சு, மன்னிச்சுக்குங்கன்னு கேட்டாங்களாம். சென்னியப்பன் ஊட்டுக்கும் போனாங்களாம். அவரு காப்பி குடுத்து அனுப்புனாராம்.

அந்த ஆறு பொம்பளைங்களும் இப்பச் சென்னியப்பன் களத்துல வேலை பாக்கறாங்க. துளசிமணியம்மா கொப்பரைக் களத்துக்குக் கூலிக்குப் போறாங்க. ஒளிக்காம எழுதறாங்கன்னு அவிங்க பலகையைப் பாத்துப் பிடிச்சுப்போயி மொத ஆர்டர் தர்றேன்னு சொல்லியிருந்த வெளிநாட்டுக் கம்பெனி, அதுவும் சென்னியப்பனுக்குப் போயிருச்சு.

ஆனா பலகையை மட்டும் அவிங்க நிறுத்தலை. தினமும் காலையில கிணத்துத் தண்ணியை அளந்து எழுதறாங்க. ஐநூறுக்குள்ள வந்தா திறக்கலாம்ல, அதுக்காக. எனக்கு வர்ற போட்டோவைத்தான் நான் நிறுத்திட்டேன். போன் கெட்டுப்போச்சு, போட்டோ வர்றதில்லைன்னு சொல்லிட்டேன். செப்டம்பர்ல ஒருக்கா போன் பண்ணுனாங்க.

"சார், நிறுத்தி ரெண்டு மாசமாச்சு, நம்பர் எறங்கவே மாட்டேங்குதுங்க. நான் என்ன தப்புப் பண்றேன்?"

"மழை வரட்டும்மா, எறங்கிரும்."

மழை வந்துச்சு. நல்ல மழைதானுங்க இந்த வருசம். பொங்கலுக்கு அப்புறம் மறுபடியும் பண்ணுனாங்க, நான் எடுக்கலை. நேத்து மூணு தடவை. எடுக்கலை.

வகுப்புல அவிங்க பலகையைத்தான் இன்னும் போட்டோ போட்டுக் காட்டறேன். எழுத்து அழகா இருக்குது பாருங்க, அதனால. திரையில பெருசாத் தெரியும். நம்பர் இருக்கற கீழ்ப்பாகத்தை மட்டும் வெட்டிட்டேன். எல்லாரும் கை தட்டுவாங்க. இன்னைக்கும் காட்டணும்.

இப்பத் தெரியுதுங்களா, நான் ஏன் அந்தச் சைடுல உக்காருவேன்னு? அந்தம்மா கேட்டு இந்தப் பக்கம்தான் வருது. ரோட்டை ஒட்டி, ஸ்டாப்புக்கு நேரா. எட்டு மாசமா வாராவாரம் போறேன், ஒரு தடவைகூடப் பாக்கலை. ஒருவேளை நம்பர் எறங்கியிருக்கலாம்ல? எறங்கியிருந்தா தப்பு அவிங்க யூனிட்டுலதான்னு ஆகும். அப்ப நான் சொன்ன கொஞ்சம் பொய்யில்லைன்னு ஆகும். அவிங்களும் திறந்துக்குவாங்க, எல்லாருக்கும் நல்லது. எறங்கலைன்னா... பாக்காத வரைக்கும் ரெண்டுல எதுவும் இருக்கலாம். அப்படியே ஓட்டிட்டேன். சொல்றதுக்கே வெக்கமா இருக்குதுங்க. ஐம்பத்தி நாலு வயசாச்சு, ஒரு பலகையைப் பாக்கப் பயந்துட்டு டிரைவர் முதுகைப் பாத்துட்டுப் போறேன்.

பாலம் தாண்டிருச்சா? அப்ப இதுக்கடுத்த ஸ்டாப்புதான். ஏனுங்க, ஒரு உதவி பண்றீங்களா? நான் இப்படியே குனிஞ்சுக்கறேன். நீங்க பாத்து வாசிச்சுச் சொல்லுங்க. நீலக் கேட்டு, பக்கத்துத் தூண்ல கருப்புப் பலகை. மேல தேதி, கீழ நம்பர். ஐநூறுன்னு இருந்தா உடுமலையில எறங்குனதும் உங்களுக்கு எளநி வாங்கித் தர்றேன். நெசமாத்தான் சொல்றேன்.

தெரியுதா? எவ்வளவுங்க?

நல்லாப் பாருங்க. மொத நம்பர் ஒண்ணா, ரெண்டா?

ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது.

தேதி என்ன போட்டிருக்குது? இன்னைக்குத் தேதியா. ஆமா, காலையிலயே எழுதியிருப்பாங்க.

ஆயிரத்து எண்ணூத்தி அறுவதுல மூடுனாங்க. எட்டு மாசமா அங்க ஒரு கூடைத் தூள்கூடக் கழுவலை. அப்பவும் ஏறியிருக்குது. இதுக்குமேல எனக்கு என்ன சாக்கு இருக்குதுங்க? ஒண்ணுமில்லை.

வண்டி ஏன் இன்னும் நிக்குது? ஆளு ஏறுதா? யாரு? பொம்பளையா? பச்சைச் சேலை. கையில என்ன, பாட்டிலா? ரெண்டு பாட்டில்லயும் தண்ணியா? அய்யோ. செவ்வாக்கெழமை இந்த வண்டியிலதான் வருவேன்னு அவிங்களுக்குத் தெரியுமே. நான்தானே ஒருக்கா சொன்னேன். நீங்க பாக்காத மாதிரி இருங்க. நான் பையில எதையோ தேடற மாதிரி...

அட, வாங்கம்மா! வாங்க வாங்க. இல்லம்மா, போனுல சார்ஜ் இல்லை, அதான் எடுக்க முடியலை. நீங்க உக்காருங்க. இல்ல இல்ல, நான் நின்னுக்கறேன், நீங்க உக்காருங்க, கையில பாட்டிலை வெச்சிட்டு எப்படி நிப்பீங்க? உக்காருங்கம்மா.

எந்தத் தண்ணி? ஒண்ணு உங்க கிணறு. இன்னொண்ணு சென்னியப்பன் கிணறா? அவரு ஊட்டுல கேட்டு வாங்கிட்டு வந்தீங்களா. சரி.

உங்க மீட்டர் கெட்டுப்போச்சா? எப்படிம்மா சொல்றீங்க? சென்னியப்பன் கிணத்துலயும் ரெண்டாயிரத்துக்கு மேல காட்டுதா? அவரு கேட்டுல முந்நூத்தி எண்பதுன்னு எழுதியிருக்குது, மத்தவிங்க சரியாத்தான் அளக்கறாங்கன்னு சாரே சொல்லியிருக்கறாரு, அப்ப உங்க மீட்டர்தான் பொய் சொல்லுதுங்கறீங்க. ஆமாம்மா. நான்தான் சொன்னேன். உண்மைதான், நான்தான் சொன்னேன்.

நல்ல மீட்டரா? இருக்குதுங்கம்மா. பதினாலு இருக்குது.

இவரா? இவரு தெரிஞ்சவருதான். பொள்ளாச்சியில இருந்து பேசிட்டே வந்தோம். ஏனுங்க, இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க. அதுல இருந்து ஒரு மீட்டரை எடுத்து அம்மாகிட்டக் குடுங்க. எல்லாமே புதுசு, எதை வேணா எடுக்கலாம், எல்லாம் ஒரே நம்பரைத்தான் காட்டும்.

அம்மா, மிச்சத்தை நீங்க இவருகிட்டயே கேளுங்க. இவருக்கு எல்லாம் தெரியும். தொட்டித் தண்ணியில இருந்து தார்ப்பாய் வரைக்கும் எதையும் விடாமச் சொல்லியிருக்கறேன். நீங்க கேளுங்கம்மா, அவரு சொல்லுவாரு.

கண்டக்டர்! விசில் குடுப்பா, நான் இங்க எறங்கிக்கறேன். தெரியும்பா, உடுமலைக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். பரவால்ல, நிறுத்து.